எங்கள் வீட்டு அப்பென்டிக்ஸ்

எங்கள் குடும்பத்தில் கருப்பை என்ற உறுப்பே கிடையாது. பிள்ளைகள் எப்படிப் பிறந்தார்கள் என்று கேட்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் கட்டிகளோடு என் கருப்பையை எடுத்தபோது, நாவலப்பிட்டி மாமியார் வீடு முதல் கோயில் மாதா சபை வரை எல்லோருக்கும் சொல்லப்பட்டது அப்பென்டிக்ஸ் என்றுதான். அப்பென்டிக்ஸுக்கு இத்தனை வாரப் படுக்கையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையில்லையே.

போன வருடம் இருமல் விடவே இல்லை. நானும் கணவரும் கண்டியில் நெஞ்சு டொக்டர் ஒருவரைக் காசு கட்டி, நம்பர் எடுத்து, சனல் பண்ணினோம். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரர். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள்.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றார் டொக்டர், கணவரை மட்டும் இருத்திக்கொண்டு.

போனேன். வேறு வழியில்லாமல் நுரையீரலையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

கணவர் வெளியே வந்து, "வெறும் சளிதான்" என்றார். அவருக்குத் தனியாகப் பொய் சொல்ல வராது. குடும்பமாகச் சேர்ந்தால்தான் வரும். ஆட்டோ பேராதனை வீதி நெரிசலில் நின்றபோது நெருக்கிக் கேட்டேன். அழுதுவிட்டார்.

"புற்றுநோய் மாதிரி இருக்காம். எங்கிருந்தோ பரவியிருக்காம். முன்ன ஒப்பரேஷன் ஏதும் பண்ணியிருக்கான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பென்டிக்ஸ்னு."

சாவுப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"டொக்டர்கிட்டயுமா?"

"வாயில அதான் வந்துச்சு."

"வண்டிய திருப்புங்க!" என்று நான் கத்தியதில் ஆட்டோக்காரர் நடுங்கிப்போனார்.

நம்பர் கூப்பிடும்வரை நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

"எனக்குக் கர்ப்பப்பையே இல்ல டொக்டர். கட்டி வந்து எடுத்தாச்சு."

பேனா நின்றது. "இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"என்னைய எங்க கேட்டீங்க? வெளியிலல்ல அனுப்புனீங்க!"

ஊசியால் நுரையீரலில் ஒரு துளித் துண்டு எடுத்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்த பழைய கருப்பைத் துண்டோடு ஒப்பிட்டார்கள். புற்று இல்லை. கருப்பையில் இருந்த அதே சாதுக் கட்டி, இரத்த வழியே போய் நெஞ்சில் குடியேறியிருக்கிறது. பெண்களுக்கு மட்டும் வருவது, மிக அபூர்வமாம். என் விஷயத்தில் 'அபூர்வம்' என்ற சொல்லை ஒருவர் பாவித்தது அதுதான் முதல் தடவை. பெண் ஹோர்மோனை அடக்க ஊசி போடவேண்டும். கட்டிகள் சுருங்குகின்றனவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.

அதை விளக்கத் தொடங்கிய டொக்டர், மறுபடியும் என் கணவர் பக்கம் திரும்பினார். "அப்ப இவவுக்கு..."

கணவரும் தலையாட்டத் தயாரானார்.

நான் அவர் தோளைத் தட்டினேன்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."