மைக் இல்லாமல் எரிந்த பல்பு

பர்மாவில், போட்டாதாங் ஆற்றங்கரையில் சூசைராஜைத் தெரிந்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மனிதர் சீட்டாடுவார், கோபம் வந்தால் கண்டபடி திட்டுவார். பொய் மட்டும் வராது. லாஞ்சு ஆபீஸில் வயர்லெஸ் மெக்கானிக். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "பேய் பேசுறதுக்கும் பேட்டரி வேணும்ல?" என்று மடக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் அறுபத்தாறாம் வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேலியை அடியோடு விட்டுவிட்டார். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். சாயங்காலம் நாலு மணிக்குத் துறைமுகத்திலிருந்து ஆள் மூலம் புயல் எச்சரிக்கை வந்தது. அக்கரையில் த்வாண்டே ஊரிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் லாஞ்சை நிறுத்தியாக வேண்டும். வயர்லெஸ் செட்டோ காலையிலிருந்து ஊமை. அந்த லாஞ்சில்தான் அவர் மனைவி மரியபுஷ்பம் திரும்பி வருகிறாள். தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போனவள்.

"டெலிபோனும் செத்துப்போச்சுண்ணே," என்றான் கிளார்க் பழனியப்பன். "அக்கரை டாலாவுக்குப் படகு கிடைக்குதான்னு பாக்கிறேன், அங்கேருந்து த்வாண்டேக்குச் சொல்லி அனுப்பலாம். நீங்க செட்டைப் பாருங்க." குடையைக்கூட எடுக்காமல் ஓடினான்.

கோளாறு ஆம்பிளிபயரிலா, ஏரியலிலா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏரியல் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டுவார்கள். மைக்கில் பேசப் பேச, குரலுக்குத் தக்கபடி பல்பு கூடிக் குறைந்து எரியும். பேச்சு மட்டும் அறையைத் தாண்டாது. அந்தப் பல்பைச் செய்து வைத்தவர் ஏசுரத்தினம். சூசைராஜுக்கு முன்னால் அங்கே மெக்கானிக்காக இருந்தவர். போன மழைக்காலத்தில், ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஏரியல் கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்து செத்தார்.

சூசைராஜ் பல்பை மாட்டிப் பேசினார். பளிச்சென்று எரிந்தது. ஆம்பிளிபயர் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் ஏரியல்தான். கம்பத்தில் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெளியே காற்று ஊளையிட்டது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மரியபுஷ்பத்தை நினைத்துக் கைலியை மடித்துக் கட்டினார். குறடு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பிப் பார்த்தார்.

பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மைக் மேஜைமேல் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பல்பு கூடியது... குறைந்தது... கொஞ்சம் நின்றது. மறுபடி கூடியது. யாரோ பேசுகிற மாதிரி.

ஆம்பிளிபயர் சில சமயம் தானாகக் கத்தும். அதுதான் என்று மைக்கைப் பிடுங்கினார். எரிந்தது. வால்வைக் கழற்றினார். விரல் சுட்டது. அப்போதும் எரிந்தது.

மணி நாலு நாற்பது.

பேட்டரி வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

எரிந்தது.

கூடி... குறைந்து... கூடி...

சத்தமே இல்லை. ஆனால் யாரோ பேசுகிறார்கள்.

"யேசுவே..."

பல்பு அணைந்தது.

மடார்!

கூரை அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். ஏரியல் கம்பம் நடுவில் முறிந்து ஆற்றுக்குள் கிடந்தது. ஏறியிருந்தால் அவரும் அதோடு போயிருப்பார்.

பழனியப்பன் வெறுங்கையோடு திரும்பினான். அந்தக் காற்றில் எந்தப் படகுக்காரனும் வரவில்லை. மரியபுஷ்பத்தை ஆறு கொண்டுபோய்விட்டது என்று சூசைராஜ் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காலை வெயிலோடு லாஞ்சு வந்து சேர்ந்தது. மரியபுஷ்பம் இறங்கினாள். சேலை கூட நனையவில்லை. பின்னாலேயே லாஞ்சு ஓட்டும் காஜா மைதீன் வந்தான். மோல்மேன் ஊரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பர்மாவில் வாத்தியாரும் ஸயாதான், மெக்கானிக்கும் ஸயாதான்.

"நல்லவேளை, நேத்து ஆபீஸ்லேருந்து செட்டுல சொன்னாங்க ஸயா. கிளம்பாம அங்கயே கட்டிப் போட்டுட்டோம்."

சூசைராஜ் கேட்டார், "யாரு சொன்னது?"

"அஞ்சுக்குக் கொஞ்சம் முந்தி. புயல் வருது, கிளம்பாதேன்னு. யாரு பேசுறதுன்னு கேட்டேன். ஏசுரத்தினம்னாரு."

"அப்புறம்?"

"எங்கேருந்து பேசுறீங்கன்னு கேட்டேன். 'கம்பத்து மேலதான் இருக்கேன். சூசை ஏறி வரப் பாக்கிறான். வேணாம்னு சொல்லு, இங்க ரெண்டு பேருக்கு இடம் பத்தாது'ன்னாரு... யாரு ஸயா அவரு?"