முதலாம் இடத்தில் எதைப் போடுவது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஆண்டு மலர்க் குழுவில் இருக்கும் பிள்ளைகள் பொறுத்துக்கொண்டு, திருத்தி அச்சில் போடவேண்டும். ஒஸ்லோவில் புதிதாக பஸ் ஓட்ட வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது அனுபவம் எழுதித் தரும்படி சில வருடங்களாகக் கேட்கிறார்கள். மேடையில் ஏறிப் பேசு என்று சொல்லாமல் எழுது என்று சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

பஸ்ஸைப் பற்றித்தான் தொடங்குகிறேன். இடையில் என் மகளுடைய படிப்பு விண்ணப்பமும் வரும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

1. பஸ்ஸை மறித்த காலை

தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் வாரம். ஹொல்ம்லியாவில் இருந்து மோர்டென்ஸ்ருட் போகும் வழி. குளிர்காலக் காலை, தெரு முழுவதும் பனி. வளைவு கழிந்ததும் மஞ்சள் மேலங்கி போட்ட பொலிஸ்காரி ஒருவர் கையைக் காட்டி பஸ்ஸை மறித்தார். சாரதி குடித்திருக்கிறானா என்று ஊதச் சொல்லிப் பார்க்கும் வழக்கமான சோதனை. இப்போது பஸ்ஸிலேயே அந்தக் கருவி இருக்கிறது. ஊதாமல் எஞ்சினை இயக்க முடியாது. அந்த நாட்களில் அது வரவில்லை.

நான் பஸ்ஸை ஓரங்கட்டினேன். எஞ்சினை நிறுத்தினேன். எல்லாக் கதவுகளையும் திறந்தேன். மைக்கை எடுத்து நோர்வேஜிய மொழியில், "எல்லோரும் இறங்குங்கள்" என்றேன்.

யுத்தகாலத்தில் ஊரில் ஆமி பஸ்ஸை மறித்தால் அதுதான் செய்வது. சாரதி உட்பட எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து போகவேண்டும். அது தவிர வேறு முறை உலகத்தில் இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

நோர்வேஜியர்கள் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் மாத்திரம் போனில் இருந்து தலையை நிமிர்த்தி, "பழுதா?" என்று கேட்டார். இறங்கியது இரண்டு பேர். எங்கள் ஊர்க் கந்தையா அண்ணையும் அவருடைய மனைவியும். கையில் பை, மற்றக் கையில் அட்டை. நான் சொல்லாமலே ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள். நானும் இறங்கி, சாரதி அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அவர்களுக்கு முன்னால் நின்றேன்.

பொலிஸ்காரி என்னையும் பார்த்தார், வரிசையையும் பார்த்தார். "பஸ்ஸில் ஏதாவது கோளாறா?"

"இல்லை."

"பிறகு ஏன் வெளியே நிற்கிறீர்கள்?"

அவர் ஊதும் குழாயை நீட்டினார். குழாயை வாயில் வைத்தும் மூச்சு வரவில்லை. அவர் என் முழங்கையை மெதுவாகப் பிடித்து, அவசரம் இல்லை என்றார். பிறகுதான் ஊதினேன்.

அதன்பின் அவர் செய்ததை நான் நீண்ட காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை. நேரே கந்தையா அண்ணையிடம் போனார். அவர் நீட்டிக்கொண்டிருந்த அட்டையைக் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினார். பார்க்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனாலும் பெயரை வாசித்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "நன்றி. குளிராக இருக்கிறது, உள்ளே போங்கள்" என்றார். சிரிக்கவில்லை.

அடுத்த நாள் பொறுப்பதிகாரி கூப்பிட்டார். பயணி ஒருவர் முறைப்பாடு எழுதியிருந்தார். "யார் உனக்கு இப்படிப் பழக்கியது? எங்கள் புத்தகத்தில் இது இல்லையே" என்றார். நான் தலையைக் குனிந்தபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பஸ் உன்னுடைய பொறுப்பு. பொலிஸ் வந்தால் நீ சாரதி ஆசனத்தில் இரு. பயணிகளைக் குளிருக்குள் இறக்காதே" என்றார். புதிதாக வருபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கோயிலில் கதை வேறு விதமாகப் பரவியது. பரப்பியவர் கந்தையா அண்ணைதான்.

"எங்கட சிவம் பஸ்ஸைக் கொண்டுபோய் நடுறோட்டில செக்பொயின்ற் ஆக்கிப்போட்டான்! வெள்ளைக்காரன் ஒருத்தனும் இறங்கேல்லை. நானும் மனிசியும் நாய்க்குட்டியள் மாதிரி நிக்கிறம்!"

அவர் இறங்கி நின்றதையும் சேர்த்துத்தான் சிரிப்பார். அன்றிலிருந்து என் பெயர் செக்பொயின்ற் சிவம்.

2. சிவப்பு எல்

மகள் ஆரணி இங்கே பிறந்தவள். மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில், தைப்பொங்கல் முடிந்த கையோடு, கார் ஓட்டப் பழகவேண்டும் என்று நின்றாள். காரின் பின்னால் சிவப்பு எல் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டென்ஸ்ருட் பக்கம் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது கடினம். காரில் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருப்பதால் கொஞ்சம் பேச்சு வரும்.

"அப்பா, அண்டைக்கு நீங்கள் ஏன் இறங்கினீங்கள்?"

"எண்டைக்கு?"

"செக்பொயின்ற் கதை. எல்லாரும் சிரிக்கினம். எனக்குச் சிரிப்பு வரேல்லை."

"கிளச்சைப் பார் பிள்ளை."

"இது ஓட்டோமாட் அப்பா. கிளச் இல்லை."

வேறு வழியில்லாமல் சொன்னேன். பொலிஸ்காரி கையுறையைக் கழற்றியதையும் சொன்னேன். அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். 

"எனக்குப் பொலிசுக்குப் படிக்க விருப்பம். அதுக்கு லைசென்ஸ் வேணும். அதுதான் இந்த அவசரம். மற்றப் படிப்புகளுக்கு ஏப்ரல் வரைக்கும் விண்ணப்பிக்கலாம். இதுக்கு மார்ச் ஒண்டுதான் கடைசி. அம்மாட்டச் சொல்லுவீங்களோ?"

"ஓம்" என்றேன். ஆனால் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

3. பட்டியல் போட்ட நாள்

என் மனைவி வசந்திக்குத் தம்பி ஒருவன் இருந்தான். ஊரில் ஒருநாள் அவனை பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள். பஸ் அவனை விட்டுவிட்டு வந்தது. இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. ஆரணி பொலிஸ் என்றதும் வசந்தி அடுப்பை நிறுத்திவிட்டு எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

ஆரணியின் மாமா சனிக்கிழமையே வந்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளையின் விண்ணப்பப் பட்டியலை வீட்டில் எல்லோரும் இருந்து போடுவது, சாமிக்கு முன் வைத்து எடுப்பது. பிறகு கோயிலில் யாராவது "முதலாவது என்ன போட்டது?" என்று கேட்பார்கள். அதனால் முதலாவது இடம் கேட்கிற ஆட்களுக்கு. இரண்டாவது இடம்தான் பிள்ளைக்கு. கிடைக்கவில்லை என்றால் முதலாவதைச் சொல்லி, கொஞ்சப் புள்ளியால் தவறிவிட்டது என்று சொல்லலாம். யாருக்கும் வெட்கம் இல்லை.

"பல் வைத்தியத்தை முதலாவதாப் போடு பிள்ளை" என்றார் மாமா. "பொலிசைக் கீழ எங்கையாவது போட்டு வை. ஆசைக்கு."

"மாமா, அது அப்பிடி இல்லை. மேல இருக்கிறது கிடைச்சா, கீழ இருக்கிறது எல்லாம் தானா விழுந்திடும். ஒண்டுதான் தருவாங்கள்."

"உன்ர புள்ளிக்குப் பல் வைத்தியம் எங்க கிடைக்கப்போகுது? போன வருசம் எவ்வளவு கேட்டவங்கள் எண்டு பார். கிடைக்காது. பிறகேன் பயப்பிடுறாய்?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவளுடைய கணக்கும் அதுவாகத்தான் இருந்தது. கிடைக்காத ஒன்றை மேலே வைத்து அம்மாவைச் சமாதானப்படுத்தினால், மார்ச் முதலாம் திகதிக்கு முன் பொலிசையும் போட்டுவிடலாம். பல் வைத்தியம் முதலாவது, பொலிஸ் இரண்டாவது. மூன்றாவதாகத் தாதியர் படிப்பு.

வசந்தி என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லது" என்றேன்.

4. புள்ளி கூடியது

வசந்தகாலத்தில் பொலிஸ் கல்லூரியின் ஓட்டம், நீச்சல் எல்லாவற்றிலும் ஆரணி தேறினாள். நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டார்களாம். பஸ்ஸில் இருந்து இறங்கி நின்ற மூன்று பேரின் கதையைச் சொன்னாளாம்.

"எங்கட பேர் சொன்னனியோ?"

"ஸ்லாப் ஆவ் அப்பா. பேர் சொல்லேல்லை." பதற்றப்படவேண்டாம் என்று அர்த்தம்.

ஜூனில் பள்ளிச் சோதனை முடிவுகள் வந்தன. எந்தப் பாடத்தில் சோதனை என்பதை இங்கே குலுக்கித்தான் எடுப்பார்கள். அவளுக்கு விழுந்தவை எல்லாம் பிடித்த பாடங்கள். எதிர்பார்த்ததைவிடப் புள்ளி கூடியது. மாமா கேக்கோடு வந்தார்.

"மச்சான், போன வருசக் கணக்குப்படி பல் வைத்தியம் இப்ப கைக்கெட்டின தூரத்தில! நான் சொல்லேல்லையோ?"

வசந்தி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நீண்ட காலம். ஆரணி கேக்கை முள்ளுக்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். பிறகு என்னோடு குப்பை கொட்ட வந்தபோது சொன்னாள்.

"வரிசையை ஜூலை ஒண்டு வரைக்கும் மாத்தலாம். புதுசாச் சேர்க்கேலாது. மேல கீழ மாத்தலாம்."

"மாத்தன்."

"அம்மா சிரிக்கிறதைப் பாத்தனீங்கள்தானே. நான் மாத்தினா அவவின்ர முகத்தைப் பாக்கேலாது. நீங்கள் சொல்லுங்கோ."

நான் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்தேன். 

5. இரண்டாம் முறை மறித்தது

நேற்றுக் காலை. அதே வழி, கிட்டத்தட்ட அதே வளைவு. பனி இல்லை, நல்ல வெயில். பொலிஸ் பஸ்ஸை மறித்தது. இந்தமுறை இளம் பொடியன் ஒருவன். சாரதிப் பத்திரம் பார்க்க வந்தான். நான் எஞ்சினை நிறுத்தி, ஆசனத்தில் இருந்தபடியே முன்கதவை மாத்திரம் திறந்தேன்.

கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஒருவர் எழும்புகிறார். கையில் பை. சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுக்கிறார். கந்தையா அண்ணை. மனைவி காலமானபின் தனியாகத்தான் கோயிலுக்குப் போய்வருகிறார். இத்தனை வருடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவடிக்கு வந்துவிட்டார்.

"இருங்கோ அண்ணை. இறங்கத் தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"பாத்தியோடா" என்றார். "கால் தானா எழும்புது."

எனக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் இருந்தார். கடைசித் தரிப்பு வரை அட்டை கையிலேயே இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். மாமாவும் இருந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே தொடங்கிவிட்டேன். கழற்றினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"இந்தப் பட்டியல் பஸ் மாதிரி இல்லை. பஸ்ஸில விரும்பின தரிப்பில இறங்கலாம். இதில எந்தக் கதவு முதல் திறக்குதோ அங்கை இறக்கிப்போட்டுப் போயிடுவாங்கள். பல் வைத்தியத்தில கதவு திறந்தா, பிள்ளை அங்கை இறங்கவேணும். அவளுக்குப் போகவேண்டிய இடம் அதுக்கு அங்கால."

மாமா வாயைத் திறந்தபடி இருந்தார். "மச்சான் கதைக்கிறார்!" என்றார்.

வசந்தி எழும்பினாள். "யூனிபோம் போட்ட ஆக்களோட என்ர பிள்ளை நிக்கவேணுமோ? உங்களுக்கு மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. அண்டைக்கு எனக்கு ஊதக்கூட மூச்சு வரேல்லை. ஆனா அந்தப் பொம்பிளை கையுறையைக் கழட்டிப்போட்டு, கந்தையா அண்ணையின்ர அட்டையை வாங்கி, பேரை வாசிச்சு, ரெண்டு கையாலயும் குடுத்தவ. நன்றி சொன்னவ."

"இதை நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொல்லேல்லையே."

"ஆக்கள் சிரிக்கிற கதைக்குள்ள அதை எப்பிடிச் சொல்லுறது?"

வசந்தி கதிரையில் இருந்தாள். கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குத் தம்பியை இறக்கேக்கை" என்றாள், "பேரைக் கேட்டு வாசிக்க ஒருத்தராவது இருந்திருந்தா." பாதியில் நிறுத்திவிட்டாள். 

கொஞ்ச நேரத்தில் மாமாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது? கிடைக்கக்கூடிய பல் வைத்தியத்தை விட்டிட்டாள் எண்டோ?"

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆக்களுக்குப் பல்லுக்கொதி எண்டா வேற ஆரிட்டையும் போகட்டும் அண்ணை." பிறகு ஆரணியிடம், "பல்லை எடுத்துப்போடாத. ரெண்டாவதா இருக்கட்டும்" என்றாள்.

ஆரணி தாயின் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கும் இதையே சொல்லுவீங்களோ அம்மா? நாளைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு மாத்துறன்."

இன்று காலை நான் வேலைக்குப் புறப்படும் முன் வசந்தி சாமி விளக்கைக் கொளுத்தினாள். ஆரணி மடிக்கணினியை அதற்கு முன்னால் வைத்தாள். "மாத்து" என்றாள் தாய். இரண்டாவதாக இருந்தது மேலே போனது. அழுத்தியது ஆரணி.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொலிஸ் மறித்தால் எஞ்சினை நிறுத்துங்கள், முன்கதவை மாத்திரம் திறவுங்கள், ஆசனத்தில் இருங்கள். பின்னால் எங்கள் ஆட்கள் யாராவது எழும்பினால், இறங்கத் தேவையில்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரியும். என்றாலும் சொல்லவேண்டும். வீட்டில் பட்டியல் போடும்போது முதலாம் இடத்தை, கோயிலில் கேட்கிற ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள். அது கிடைத்துவிடும்.

பதில் இந்த மாதம் பிற்பகுதியில் வரும். பொலிஸ் கிடைக்குமோ, இரண்டாவதுதான் கிடைக்குமோ, எனக்குத் தெரியாது. இன்று இரவோடு வரிசை பூட்டப்படும். இனி யாரும் மேலே கீழே மாற்ற முடியாது.

சிவம்
ஹொல்ம்லியா, ஒஸ்லோ
ஜூலை முதலாம் திகதி