காவல் அறைச் சுவரில் அரை அங்குலம்

1. துடியலூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் வாசலில் இருந்த பழைய காவல் அறையைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.
2. "மூன்று சுவர்களில் விரிசல், இடித்துவிடலாம்" என்று எழுதிக் கொடுத்தேன்.
3. இடிக்க நாள் குறித்தார்கள்.
4. அதற்கு நான்கு நாள் முன்பு, நான் எழுதியது தவறு என்று தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிவில் படித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இடிக்கும் முன் ஒரு வரைபடமாவது இருக்கட்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

அளக்கும்போதுதான் அறை புரிந்தது. பத்தடிக்கு ஒன்பதடி. சாலைப் பக்கச் சுவர் மட்டும் மூன்று முகமாக மடிந்து வெளியே நீண்டிருந்தது. முகத்துக்கு ஒரு ஜன்னல். நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் லாரி, கோவையிலிருந்து வரும் லாரி, ஆலையின் கேட் என மூன்றும் தெரிந்தன. எழுந்திருக்கவே வேண்டாம். கட்டியவர் முதலில் நாற்காலிக்கு இடம் குறித்துவிட்டுத்தான் சுவரை எழுப்பியிருக்க வேண்டும்.

விரிசலின் ஆழத்தையும் குறிக்கலாமென்று எஃகு ஸ்கேலை நுழைத்தேன். அரை அங்குலத்தில் நின்றது. எல்லா இடத்திலும் அதே அரை அங்குலம். உளியால் தட்டியதும் வெள்ளைப் பலகைபோல ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுண்ணாம்புக் காரை, ஒரு கீறல்கூட இல்லாமல்.

வாட்ச்மேன் சிரித்தார். "வருசா வருசம் ஆயுத பூசைக்கு வெள்ளையடிக்கறமுங்க அம்மணி. பழச ஒருக்காக்கூடச் சொரண்டுனதில்லீங்க. செவுத்துக்கு ஒண்ணுமில்ல, சட்டைதானுங்க கிழிஞ்சிருக்குது."

ஆலை மேனேஜர் சிரிக்கவில்லை. "போன மாசம் இடீங்கன்னு எழுதிப்போட்டு, இப்ப வேண்டாங்கறீங்க. மொதலாளிகிட்ட எந்தக் காயிதத்தக் காட்டறதுங்க?"

"ரெண்டையும் காட்டுங்க. மொதல்ல எழுதுனது தப்புன்னு கையெழுத்துப் போட்டுத் தாரனுங்க."

"சேந்த வருசமே தப்புன்னு எழுதிக் குடுக்கறீங்களே அம்மணி?"

"இடிச்சதுக்கப்பறம் எழுதிக் குடுத்து என்னங்க பிரயோசனம்?"

வரைபடத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். முதலாளி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். இடிக்க வேண்டாம் என்றார்.

சுண்ணாம்பு முழுவதையும் சுரண்டியபோது ஜன்னல்களுக்கு மேலே காரையில் வார்த்த இலை வரிசை ஒன்று வெளிவந்தது. அங்கே வேலை பார்த்த யாரும் அதைக் கண்டதில்லை. அதற்குப் பிறகு பெரிய கட்டடங்கள் எத்தனையோ வரைந்துவிட்டேன். யாராவது கேட்டால் அந்தத் தொண்ணூறு சதுர அடியைத்தான் முதலில் சொல்கிறேன்.

அறை நிற்கிறது. இன்றும் ஒரு வாட்ச்மேன் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஆயுத பூசைக்கு முன்பு பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிக்கிறார்கள்.