செத்துப் பார்த்த கருத்தக்கண்ணன்

அலங்காநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில் கருத்தக்கண்ணனுக்கு மூன்று துண்டு நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மதுரைக்குப் பாரவண்டி ஓட்டிச் சம்பாதித்து வாங்கியவை. வண்டியோட்டிய காலத்தில் அவர் கண்ணை மூடியதே இல்லையாம். மாடுகள்தான் முறை வைத்துக்கொண்டு தூங்கினவாம். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

அவருக்கு இரண்டு மகன்கள், மலையாண்டி, சிவனாண்டி. கடைக்குட்டி முத்துத்தாய். கட்டிக்கொடுத்த மறுவருஷமே அவள் புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். புகுந்த வீட்டார் ஒரு மரப்பெட்டியோடு அவளைத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டி இறங்கிய அன்றே கருத்தக்கண்ணன் முடிவு கட்டிவிட்டார்: தன் காலத்துக்குப் பிறகு மகள் கஞ்சிக்காக அண்ணன்மார் வாசலில் நிற்கக்கூடாது.

"பொட்டப்பிள்ளைக்கு நிலமா? அதான் கல்யாணத்துக்கு அம்புட்டுச் செஞ்சமே அய்யா" என்றான் மலையாண்டி.

"நீ செஞ்சியா, நான் செஞ்சேனாடா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டார். அது 1938, தை பிறந்த சமயம்.

பத்திரம் எழுதும் அப்துல் வஹீது, வண்டியோட்டிய நாளிலிருந்தே பழக்கம்.

"பாட்டன் சொத்தாண்ணே?"

"என் முதுகுச் சொத்து பாய்."

"அப்ப சுயார்ஜிதம்னு எழுதிருவோம். யாருக்கு வேணும்னாலும் நீங்க கொடுக்கலாம். உயில்தானே, உசிரு இருக்கிற வரைக்கும் மாத்தியும் எழுதலாம்."

ஓரத்துத் துண்டுகள் மகன்களுக்கு, நடுத்துண்டு முத்துத்தாய்க்கு. கிணறு மலையாண்டியின் துண்டில் இருந்தது; மூவரும் முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டியது. எழுதி முடித்ததும் கருத்தக்கண்ணன் கேட்டார், "நான் போன பிறகு இதுபடி நடப்பாங்களா பாய்?"

"அது செத்தாத்தான் தெரியும்ணே" என்று சிரித்தார் வஹீது.

வேடிக்கைக்குச் சொன்னது. கருத்தக்கண்ணனோ அதை மடியில் முடிந்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் விடிந்ததும் வீட்டாரைக் கூட்டி நிறுத்தினார். "இப்ப இருந்து நான் செத்துட்டேன். உயில்ல உள்ளபடி நீங்களே பிரிச்சுப் பாடுபடுங்க. ஒரு வெள்ளாமை முடியட்டும், எந்திரிச்சு வாரேன்."

சோளக்காட்டுக் காவல் பரணில் ஏறிப் படுத்துவிட்டார். கூப்பிட்டால் பதில் கிடையாது. அவர் மனைவி தங்கப்பொண்ணு கஞ்சிக் கலயத்தோடு வந்து கீழே நின்று, "ஏங்க, செத்தவுகளுக்கு வெங்காயம் வேணுமா, மொளகா வேணுமா?" என்று கேட்பாள். மேலிருந்து இரண்டு கையும் நீளும். அவர் அசையாமல் கிடந்த லட்சணத்தைப் பார்த்து ஒரு காக்கை நிஜமென்றே நம்பி, சொந்தபந்தங்களைக் கூட்டிவந்து பரணைச் சுற்றித் துக்கம் விசாரித்ததாகக் கேள்வி.

ஆனால் பரணிலிருந்து கிணறு நன்றாகத் தெரியும். கமலையில் காளைச் சோடியைப் பூட்டி, சரிவில் ஓட்டி, தோல் சாலில் தண்ணீரை மேலே இழுக்க வேண்டும். காளை இல்லாமல் ஒரு சொட்டு வராது. அண்ணன்மார் இருவரிடமும் காளைகள் இருந்தன, முத்துத்தாயிடம் இல்லை. அவள் முறை வரும்போதெல்லாம் அந்தக் காளைகளுக்கு ஏதாவது வந்தது.

"கால் நொண்டுது தங்கச்சி" என்பான் மலையாண்டி.

"பொழுதுக்கும் உழுதுட்டு இப்பத்தான் படுத்துச்சு" என்பான் சிவனாண்டி.

மறுநாள் அவரவர் முறைக்கு அதே காளைகள் மாப்பிள்ளை மாதிரி நடந்து வரும்.

முத்துத்தாயின் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கின. "இறங்கி ஒரு வார்த்தை கேளுங்களேன்!" என்று தங்கப்பொண்ணு பரண் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"பொணம் பேசுமாடி?" என்றது பிணம்.

முத்துத்தாய் குடத்தை எடுத்தாள். கயிறு கட்டி இறைத்து, இடுப்பில் சுமந்து, செடி செடியாக ஊற்றினாள். ஒருநாள் பரணடியில் வந்து நின்று, "அய்யா, எனக்காக எந்திரிச்சுராதீக. நீங்க நெசமாப் போன பிறகும் நான் இப்படித்தானே நிக்கணும்? பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போனாள். மேலே படுத்திருந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாதி மிளகாய் பிழைத்தது. அறுப்பு முடிந்த அன்று கருத்தக்கண்ணன் பரணிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மதுரைக்கு நடந்தார்.

"வாங்கண்ணே, செத்துட்டீகன்னு கேள்விப்பட்டேனே!" என்றார் வஹீது.

"செத்துப் பார்த்துட்டுத்தான் வாரேன். நிலத்தைக் கொடுத்தேன் பாய், தண்ணிய மறந்துட்டேன். வேற எழுதுங்க. கிணறும் காளை நடக்குற சரிவும் முத்துத்தாய்க்கு. அண்ணன்மார் இறைச்சுக்கிரலாம், ஆனா அவ முறைக்கு அவுக காளைதான் இழுக்கணும். அன்னைக்கு எவன் காளை நொண்டுதோ, அவன் முறையும் நொண்டும்."

வஹீது எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இதைப் பத்திர பாஷையில எப்படிண்ணே எழுதுறது?"

"அது உங்க பாடு."

ஊரில் மலையாண்டி குதித்தான். "என் நிலத்துக்குள்ள இருக்கிற கிணறு அவளுக்கா?"

"உசிரோட இருக்கிற அப்பன்கிட்ட ரெண்டு பேரும் நல்லா நடந்தீகடா. செத்த அப்பன்கிட்ட எப்படி நடந்தீகன்னு நான் பார்த்துட்டேன்ல?" என்றார் கருத்தக்கண்ணன். அதன் பிறகு அந்த உயிலில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஆறு வருஷம் கழித்து அவர் நிஜமாகவே இறந்தார். மகன்கள் உச்சிப்பொழுது வரை அழவே இல்லை. எழுந்து உட்கார்ந்து கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயம். கடைசியில் தங்கப்பொண்ணுதான் சொன்னாள், "வெத்தலைய மடிச்சு வாயில வச்சேன், மெல்லல. இந்தத் தடவை நெசந்தான், அழுங்கடா."

கருமாதி முடிந்து தண்ணீர் இறைக்கும் முதல் முறை முத்துத்தாயுடையது. அவள் விடிவதற்கு முன்பே கிணற்றடியில் வந்து நின்றாள், கையில் குடமில்லாமல். மலையாண்டி வியர்க்க விறுவிறுக்க ஒரு சோடிக் காளையை ஓட்டிவந்தான். அவனுடையவை அல்ல.

"சத்தியமா என் காளைக்குக் கால் வீங்கிக் கெடக்கு தங்கச்சி. அதான் மாமனார் வீட்டுக்கு ஓடிப்போய் இதுகள ஓட்டிட்டு வந்தேன்."

"பூட்டுங்கண்ணே" என்று சொல்லி, முத்துத்தாய் தன் வயல் மடையைத் திறக்கப் போனாள்.

மலையாண்டி காளைகளைப் பூட்டினான். ஓட்டுவதற்கு முன் ஒருதரம் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்துக்கொண்டான்.