இரண்டு ஊர் ஓதம்

சனிக்கிழமை காலையில் முன்பின் தெரியாத ஆறு பேர், காலில் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, என் படுக்கையறைக்குள் வரிசையாக நுழைந்தார்கள். ஹாம்பர்க்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கிறார். வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டியது என் கடமையாம். வாங்குகிறவர் இங்கேயே குடிவர நினைத்தால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் வெட்கப்படாமல் ஒரு காரியம் செய்தேன். அலமாரியை நகர்த்தி, ஓதம் ஏறிய சுவரில் படர்ந்திருந்த பூஞ்சணத்தை ஒவ்வொருவருக்கும் காட்டி, அவர்கள் பாஷையிலேயே "ஷிம்மல்" என்றேன். ஓர் அம்மாள் என் தோளைத் தட்டி, தினமும் இருமுறை ஜன்னலைத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று பாடம் எடுத்தார். நான் பயமுறுத்தினேன், அவரோ நான் ஆலோசனை கேட்பதாக எடுத்துக்கொண்டார்.

அதே வாரம் தென்காசியில் என் வீட்டைப் பார்க்க ஆள் வந்தார். ஆம், எனக்கும் ஒரு வாடகை வீடு இருக்கிறது. போன வருடம் அப்பா இறந்தபின் என் பெயருக்கு வந்தது. பழுது பார்ப்பதா, விற்பதா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் சுரண்டைக்காரர், அதை வாங்கி, குற்றால சீசனுக்கு லாட்ஜாக மாற்றத் தயாராக இருந்தார். பதினைந்து வருடமாக அங்கே குடியிருப்பவர் இசக்கியக்கா. கணவர் போலீஸ். போலீஸ்காரருக்கு விட்டால் காலி செய்ய மாட்டார் என்று பலரும் கதவைச் சாத்தியபோது, அப்பா மறுபேச்சில்லாமல் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஹாம்பர்க்கில் என் பெயரைக் கேட்டதுமே "வீடு முடிந்துவிட்டது" என்ற பதிலைப் பலமுறை வாங்கியபின்தான் அந்தச் சாவியின் அருமை எனக்குத் தெரிந்தது. அவர் மகள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

வீடியோ அழைப்பில் நானும் கூடவே சுற்றி வந்தேன். விற்றால் வெளியேறப் போவது தான்தான் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்.

"இங்கன வாங்க அண்ணாச்சி. இந்தக் கிணறு கோடையிலயும் வத்தாது. ஐந்தருவிப் பக்கம் சாரல் விழுந்தா, இந்த ஜன்னல்லயே குளுந்த காத்து வருது."

"சுவரு ஓதம் கீதம் அடிக்குமோ?"

"இந்த வீட்டுலயா?" என்று அக்கா சிரித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பீரோ புது இடத்தில் நின்றது. அது மறைத்திருந்த ஓதத்தைப் போன மழைக்குப் படமெடுத்து எனக்கு அனுப்பியவரே அவர்தான்.

வந்தவர் கிளம்பியதும் கேட்டேன். "ஏன்க்கா மறைச்சீங்க? சொல்லியிருந்தா அவரே ஓடியிருப்பாரே."

"நல்லாச் சொல்லுதே போ! நம்ம வீட்டைப் போயி வெளியாள்ட்ட குறை சொல்லுவாகளா?"

என் முகம் சுட்டது. நான் நகர்த்திய அலமாரி அப்போதும் அறையின் நடுவில்தான் நின்றது. அன்றே சுரண்டைக்காரரை அழைத்து, ஓதம் இருக்கிறது என்றும் சொன்னேன், வீட்டை விற்கவில்லை என்றும் சொன்னேன்.

இப்போது அங்கே கொத்தனார் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசிவிட்டார். இங்கே ஷிம்மலைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் அந்த ஜன்னல் அம்மாளே வீட்டை வாங்கிவிட்டார், குடிவரவும் போகிறார். நான் வேறு இடம் பார்த்தாயிற்று. போகும்போது சுவரெல்லாம் வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டுமாம். நேற்று அக்கா கூப்பிட்டார்.

"சுவத்துக்கு என்ன கலரு அடிக்கச் சொல்ல?"

"நீங்க இருக்க வீடு. நீங்களே சொல்லுங்கக்கா."

"ஒன் வீடுல்லா? நீயே சொல்லு."

இளம்பச்சை என்றேன், கொஞ்சம் கர்வத்தோடுதான். சொல்லும்போது நான், இங்கே வாசல் மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த என் பெயரை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.