உப்பு மண்ணில் கிளுவை வேலி

"வாதி அத்தாயி, வயது அறுபத்திரண்டு, விதவை, வயோதிகத்தாலும் மூட்டு வாதத்தாலும் வீட்டை விட்டு வெளியே நடமாடச் சக்தியற்றவர்" என்கிறது 1934ஆம் வருஷம் கார்த்திகையில் நாமக்கல் கோர்ட்டில் கொடுத்த மனு. வரப்புத் தகராறு ஒன்றில் அவள் நேரில் வராமலிருக்க வக்கீல் எழுதியது. மனு வாசிக்கப்பட்ட அன்று, நடமாடச் சக்தியற்ற அத்தாயி பரங்கிப்பேட்டை ரயிலடியில் இறங்கிக் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். தம்பி சின்னண்ணன் ஐம்பது அடி பின்னால் மூச்சிரைத்தபடி வந்தான்.

"மெதுவாப் போக்கா! உனக்கு மூட்டு வாதமாமா, கோர்ட்டுல சொல்லியிருக்குது."

"அது நாமக்கல்லோட சரி. நீ வா."

வாய்தாவைத் தள்ளிப்போடலாம். கூட வருவதாகச் சின்னண்ணன் ஒப்புக்கொண்ட வாரத்தைத் தள்ளிப்போட முடியாது.

அவர்களுடைய அப்பன் ஆண்டி இளவயசில் ஆறு வருஷம், கஞ்சமலை இரும்புக்கல்லை வண்டியில் ஏற்றிப் பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரன் வைத்திருந்த இரும்பாலைக்கு ஓட்டியவர். ஆலை மூடியதும் ஜேடர்பாளையத்துக்குத் திரும்பி, மிச்ச ஆயுளெல்லாம் அந்தத் துறைமுகத்தைப் பற்றியே பேசினார். திருச்செங்கோட்டு மலை உயரத்துக்குக் கப்பல். அது ஆலை வாசலிலேயே வந்து நிற்கும் என்றார். ஊர் நம்பியது. கப்பலை யாரும் பார்த்ததில்லை, அதனால் மறுக்கவும் வழியில்லை. வண்டி மாட்டுப் பட்டியைச் சுற்றி வேலிக்குக் கிளுவைக் குச்சி நட்டேன், கடலோரத்திலும் தழைந்து நின்றது என்றபோதுதான் மாட்டிக்கொண்டார். கிளுவை விஷயத்தில் ஜேடர்பாளையத்தில் பண்டிதனல்லாதவன் கிடையாது. உப்பு மண்ணில் கிளுவையா என்று களத்துமேடே சிரித்தது. அன்று முதல் அவர் புளுகாண்டி.

இருபது வயசு அத்தாயியும் சேர்ந்து சிரித்தாள். ஆண்டி அவளை மட்டும் திரும்பிப் பார்த்து, "நீயுமா சாமி?" என்றார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார். பரங்கிப்பேட்டைப் பேச்சை எடுக்கவேயில்லை. அப்பன் புளுகினாரா, தான் சிரித்தது தப்பா என்பது நாற்பத்திரண்டு வருஷமாக அத்தாயிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆற்றோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த கைலாசம் என்பவர் பழைய இரும்பாலைக்கு வழிகாட்டினார். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பக்கம் பாதிப் புகைபோக்கியும் கூரையில்லாத கிடங்குகளுமாகக் கிடந்தது. துரை பங்களா என்று அவர் காட்டிய இடத்தில் நான்கு படி மட்டும் மேலேறி, எங்கும் போய்ச் சேராமல் நின்றது.

"கப்பலெல்லாம் இங்கதானுங்க வந்து நிக்கும்?" என்றாள் அத்தாயி.

"இங்கயா? ஆத்து மொகத்துல மணலும்மா. கப்பலு தூரக் கடல்லதான் நிக்கும். படகுலதான் ஏத்துவாங்க."

சின்னண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "போச்சா! கப்பலே புளுகு. இனிக் கெளுவையைத் தேடு."

அத்தாயி தேடவில்லை, புகைபோக்கியைச் சுற்றி வந்ததுமே நின்றுவிட்டாள். மணலில் சதுரமாக, ஆள் உயரத்துக்கு மேல், கிளுவை தழைந்து நின்றது. அடிமரங்கள் தொடை மொத்தம். நடுவில் ஒன்றுமில்லை. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத் தம்பி மூக்குக்கும் நீட்டினாள்.

"யாரு வெச்சதோ, இந்தப் பக்கம் இப்படி வேலி கட்டுறதில்ல," என்றார் கைலாசம்.

சின்னண்ணன் குனிந்து அடிமரங்களைப் பார்த்துக்கொண்டே போனான். "நம்மூரு மாதிரியே சாணுக்கு ஒண்ணா நட்டிருக்காரு அக்கா," என்றான். குரல் இறங்கியிருந்தது.

அத்தாயி நான்கு கிளைகளை ஒடித்தாள். "ஊருல காட்டறேன்."

"காட்டி? நம்ம காட்டு வேலியில ஒடிச்சதும்பாங்க."

உண்மைதான். கொங்குச் சீமை முழுக்கக் கிளுவை. கப்பல் துண்டு கிடைத்திருந்தாலாவது நம்புவார்கள்.

கிளைகளோடு வேலியைச் சுற்றி வந்தாள். மேற்கு மூலையில் வேலி விட்டுப்போய் ஆடு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அங்கே உட்கார்ந்து ஓட்டுத் துண்டால் ஈரமணலைத் தோண்டினாள்.

"ஏக்கா, உள்ள என்ன மாடா கட்டியிருக்குது?"

அவள் ஒரு கிளையைக் குழியில் இறக்கினாள். "தழைஞ்சுதானுங்கப்பா நிக்குது," என்றாள், தம்பியைப் பார்க்காமல்.

ஊரில் அதைப் பற்றி அவள் யாரிடமும் வாதாடவில்லை. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவள் என்ற மனு கோர்ட்டில் அப்படியே இருந்தது. அத்தாயி ரயிலேறிக் கடற்கரைக்குப் போய், அப்பன் நட்ட வேலியின் சந்தில் நான்கு கிளுவைக் குச்சிகளை நட்டுவிட்டு வந்தாள்.