கடைசி நடை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம் நடந்தது இது. பாபநாசத்துக்கு மேலே மலைக்குள் இருக்கும் அணையின் அக்கரையில் காணிக்காரர் என்னும் மலைவாழ் மக்களின் குடியிருப்பு ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை படகில் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வருவது, சுகாதார நர்ஸான என் வேலை. போகும்போது ஐஸ் பெட்டி கனக்கும். வரும்போது பெட்டி காலியாக இருக்கும், உடம்பு கனக்கும்.

படகு என்னவோ அருவி பார்க்க வருகிறவர்களுக்காக ஓடுவதுதான். பின்பக்கம் ஒரு சின்ன மோட்டார் தொங்கும். அதன் பக்கவாட்டில் கியர்க் கம்பி. முன்னே தள்ளினால் படகு முன்னே போகும், பின்னே இழுத்தால் பின்னே வரும். படகோட்டி அண்ணாச்சி அந்தக் கியரைப் போடுகிற அழகு இருக்கிறதே! வேகத்தைக் குறைக்கவே மாட்டார். 'கடக்'கென்று ஓர் அடி. நாங்கள் எல்லோரும் முன்னால் இருப்பவர் முதுகில் போய் விழுவோம். நானும் மாதாமாதம் சண்டை பிடிப்பேன். "அப்பம்னா நீந்தி வாங்கம்மா" என்பார்.

அன்று ஊசி போட்டு முடித்துப் பெட்டியை மூடும் நேரத்தில் ஒரு பெண்ணைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிழங்கு மூட்டையோடு பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்து, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது; ரத்த ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் உடைந்த எலும்பு உள்ளே நகர்ந்து ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டால் கால் போய்விடும், உயிரே கூடப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் படகை விட்டால் வேறு வழியில்லை.

அதுதான் அன்றைய கடைசி நடை. அருவியில் குளித்த கூட்டம் ஈரத் தலையோடு சளசளவென்று பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணைப் படகின் நடுவில் படுக்கவைத்து, கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி பழக்க தோஷத்தில் வழக்கம்போல ஓர் அடி அடித்தார். படகு குலுங்கியது. அவள் போட்ட அலறலில் கூட்டம் வெலவெலத்துப் போனது.

"அண்ணாச்சி, உள்ள கெடக்கது மனுசி! மூட்டையில்ல!" என்று கத்திவிட்டேன்.

அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அந்தக் காலைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு படகை எடுக்க மாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி வத்திக் கெடக்கு. அந்தக் கரையில மொட்ட மரமா நிக்கி. முன்னயும் பின்னயும் மாத்தி மாத்தித்தான் போவணும். யாரும் பேசாதிய. இஞ்சின் சத்தம் தாழுதது எனக்குக் கேக்கணும்." பிறகு அவளிடம், "தாயி, நீயும் செத்த நேரம் பல்லக் கடிச்சுக்கோ" என்றார்.

எலும்பு முறிந்து கிடக்கிறவளிடம் போய்ச் சத்தம் போடாதே என்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு படகில் ஒரு பேச்சில்லை. இக்கரையை நெருங்கியதும் மூழ்கிச் செத்த மரங்களின் தலைகள் தெரிந்தன. அண்ணாச்சி வேகத்தைக் குறைத்தார். சத்தம் இறங்கி இறங்கி 'டுப் டுப்' என்று ஆனது. படகின் ஓட்டம் அடங்கும்வரை பொறுத்தார். பிறகு தயங்காமல் கம்பியை ஒரே இழுப்பு. குலுக்கல் வரப்போகிறது என்று நான் அந்தக் காலை இறுக்கினேன். வரவேயில்லை. படகை ஒட்டித் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்துத்தான் படகு பின்னே போவதே தெரிந்தது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே. ஒவ்வொரு தடவையும் என் கை இறுகும், ஒன்றும் நடக்காது. அவர் சட்டை மட்டும் வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது.

படகு நின்றதும் அவள் வாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, "கரை வந்துட்டா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதத்தைத் தொட்டேன். சூடு அப்படியே இருந்தது.

கரையில் காத்திருந்த எங்கள் ஜீப்பில் அவளை ஏற்றியபின், "இப்படிப் போடத் தெரியுமா ஒங்களுக்கு? பெறவு ஏன் தெனமும் எங்களப் போட்டு உருட்டுதிய?" என்று கேட்டேன்.

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "காலையில மொத நடைக்கு வந்து பாருங்கம்மா, பூ மாதிரி போடுவேன். பொழுதுசாஞ்சா கை எங்க சொன்னபடி கேக்குது? இன்னிக்குக் கேக்க வச்சேன், நோவுது. நீங்க ஏறுததே மத்தியானத்துக்கு மேல, திரும்புதது எப்பவும் கடைசி நடைக்குல்லா" என்றார்.

நான் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

மூன்று நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் லேசாக விந்தி விந்தி நடந்து, ஊசி போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சியும் திருந்திவிடவில்லை. அந்தச் சம்பவத்துக்கு அடுத்த மாதமே 'கடக்'கென்று அடித்தார், நானும் முன்னால் போய் விழுந்தேன். ஆனால் சண்டை பிடிக்க மனம் வரவில்லை. அந்த அலுப்பு எனக்கும் தெரிந்ததுதான்.

ஓய்வு பெறும் நாள்வரை, வரிசையில் கடைசியாக வரும் குழந்தைக்கு ஊசியை எடுக்கும் முன், கையை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் எடுப்பேன். காலையிலிருந்து சேர்ந்த என் களைப்பு அத்தனையையும், கடைசியில் வந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பிள்ளை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?